விரல் நுனியில் மோர்ஸ்: பேடில் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்ட்ரெய்ட் கீயில் நிமிடத்துக்கு 12 சொல் அனுப்புகிறேன். பேடிலுக்கு மாறச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். மாறட்டுமா?

மாறுங்கள், நச்சரிப்பவர்கள் நல்லவர்கள். ஸ்ட்ரெய்ட் கீயில் டிட் (குறுகிய ஒலி) எவ்வளவு நீளம், டா (நீண்ட ஒலி) எவ்வளவு நீளம் என்பதை ஒவ்வொரு தட்டலுக்கும் உங்கள் மணிக்கட்டுதான் அளந்து போட வேண்டும். பேடிலில் அளக்கும் வேலை கீயர் என்ற மின்னணுச் சுற்றினுடையது. கட்டைவிரல் அழுத்தினால் டிட், ஆள்காட்டி விரல் அழுத்தினால் டா. விரலை எடுக்கும்வரை அவை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 60 மில்லி விநாடி. டா அதைப்போல மூன்று மடங்கு. மணிக்கணக்கில் இதை வெறும் கையால் சீராகப் போடுகிறவர்கள் பெரிய வித்தைக்காரர்கள், அவர்கள்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அந்த வித்தைக்குக் கை கொடுத்த விலையும் பெரியது. பழைய தந்தி ஆபரேட்டர்கள் பலருக்கு நாளெல்லாம் மேலும் கீழும் தட்டித் தட்டியே கை முடங்கியது. அதனால்தான் பக்கவாட்டில் அசையும் கீ பிறந்தது. 1888-இல் அமெரிக்காவில் பன்னல் நிறுவனம் அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொரேஸ் மார்ட்டின் செய்த வைப்ரோப்ளெக்ஸ், டிட்களைத் தானே அதிர்ந்து போட்டது. டாக்களையும் கீயரிடம் ஒப்படைத்தபோது இன்றைய பேடில் வந்துவிட்டது.

கேள்வி: 'நல்ல பேடில்' என்று எதை வைத்துச் சொல்வது? பார்க்க எல்லாமே பளபளவென்றுதான் இருக்கின்றன.

பளபளப்பை மறந்துவிட்டு, கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பேடிலுக்கு அந்தத் திசையில் எந்த வேலையும் இல்லை. அங்கே மயிரிழை ஆட்டம் தெரிந்தால் அச்சு சரியாக உட்காரவில்லை என்று பொருள். தொடுபுள்ளிகளுக்கு நடுவே நாம் வைக்கும் இடைவெளி ஒரு காகிதத்தின் தடிமன்தான் இருக்கும். அச்சிலேயே அவ்வளவு ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளிக்கு அர்த்தம் ஏது? இன்று காலையில் சரியாக வைத்தது மாலையில் வேறொன்றாகிவிடும். விலை உயர்ந்த பேடில்களில் உங்கள் பணம் பெரும்பாலும் போவது இந்த அச்சுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும்தான். அது நியாயமான செலவு.

அடுத்தது எடை. பேடிலைப் பக்கவாட்டில் தள்ளுகிறோம். அடிப்பாகம் லேசாக இருந்தால் மேசைமேல் நகர்ந்துகொண்டே போகும். நகர்கிற பேடிலைத் துரத்தும் கை தானாகவே இறுகிவிடும், இறுகிய கை பிழை செய்யும். பித்தளையோ எஃகோ, ஒரு கிலோவுக்குக் குறையாத அடித்தட்டும் கீழே நல்ல ரப்பர் கால்களும் இருந்தால் கவலை இல்லை. மலையேறிப் போய் அங்கிருந்து பேசுகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: அவர்கள் சின்ன பேடிலைத் தொடையிலோ ரிக் எனப்படும் வானொலிக் கருவியின் மேலோ கட்டிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, திருகுகள். இடைவெளிக்கு ஒன்று, விறைப்புக்கு ஒன்று என இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்ய முடிய வேண்டும். பெரும்பாலானோருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே பலத்தில் வேலை செய்வதில்லை. மரை நுண்ணியதாக இருக்க வேண்டும், சரிசெய்தபின் பூட்டுத் திருகைப் போட்டால் வைத்த இடம் அசையக் கூடாது. பூட்டும்போதே இடைவெளி மாறிவிடுகிற பேடிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

திருப்புவிசை ஸ்பிரிங்கா காந்தமா என்பது ருசி. ஈர்க்கும்படி வைத்த காந்தத்தில், விரல் தள்ளத் தொடங்கிய கணத்தில் விசை அதிகம், நகர நகரக் குறையும்; ஸ்பிரிங்கில் நேர்மாறு. எனக்குக் காந்தம் பிடிக்கும். உங்களுக்கு எது என்பதை இரண்டிலும் பத்து நிமிடம் அனுப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: ஒற்றை நெம்புகோலா, இரட்டையா? இரட்டை வாங்கி 'அயாம்பிக்' பழகினால் வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்கிறார்களே?

எண்ணிப் பார்த்துவிடுவோம். 26 ஆங்கில எழுத்துகளையும் 10 எண்களையும் ஒரு முறை அனுப்ப, ஸ்ட்ரெய்ட் கீயில் 132 தட்டு தட்ட வேண்டும். ஒற்றை நெம்புகோல் பேடிலும் கீயரும் இருந்தால் 73 அழுத்து போதும். (ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், விடைபெறும்போது அனுப்பும் வாழ்த்து எண்ணும் 73 என்பது இனிய தற்செயல்.) இரட்டை நெம்புகோலில் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும், அந்த வசதியை முழுக்கப் பயன்படுத்தினால் 65. ஆக, பெரிய லாபம் பேடிலுக்கு மாறியதிலேயே வந்துவிட்டது. சேர்த்துப் பிடிக்கும் இந்த 'அயாம்பிக்' கலை மிச்சம் பிடிப்பது எட்டே எட்டு அழுத்து, அதுவும் சி, எஃப், கே, எல், க்யூ, ஆர், ஒய் என்ற ஏழு எழுத்துகளில் மட்டும். பி என்கிற 'டிட் டா டா டிட்'டுக்கும், எக்ஸ் என்கிற 'டா டிட் டிட் டா'வுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆனாலும் இரட்டையே வாங்குங்கள் என்பேன். சேர்த்துப் பிடிக்காமல் ஒற்றைபோலவே அதைப் பயன்படுத்த யாரும் தடை சொல்லப்போவதில்லை. பின்னால் ஆசை வந்தால் வழி திறந்திருக்கும். ஒற்றையில் அந்த வழி கிடையாது. மிக அதிக வேகத்தில் அனுப்புகிறவர்களில் பலர் ஒற்றையை விரும்புவதற்கும் நியாயம் உண்டு: தவறுதலாக இரண்டும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தே அதில் இல்லை.

கேள்வி: நண்பரின் ரிக்கில் உட்கார்ந்து 'சிக்யூ' என்று பொது அழைப்பு விடுத்தேன். என் 'சி' எல்லாம் 'கே' ஆகப் போயிற்று. என் வீட்டில் இப்படி நடப்பதே இல்லை. பேடில் கோளாறா?

பேடில்மேல் பழி போடாதீர்கள், அது பாவம். உங்கள் ரிக் 'பி' முறையில் இருக்கிறது, நண்பருடையது 'ஏ' முறையில். இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்து விட்டபின், 'பி' முறை இன்னொரு எதிர்க்குறியைத் தானாகச் சேர்த்துப் போடும். 'ஏ' முறை ஓடிக்கொண்டிருந்த குறியோடு நின்றுவிடும். உங்கள் விரல் 'பி'யை நம்பி, 'சி'யின் இரண்டாவது டா ஒலிக்கும்போதே விலகிக்கொள்கிறது. வீட்டில் கடைசி டிட் இலவசமாக வந்துவிடும். நண்பர் வீட்டில் அது வராது, 'டா டிட் டா' என்று 'கே' ஆகிவிடும். 'ஏ'யில் பழகியவர் 'பி'யில் உட்கார்ந்தால் தலைகீழ்: ஏ எழுத்து ஆர் ஆகும், என் எழுத்து கே ஆகும். ரிக்கின் மெனுவில் முறையை மாற்றிக்கொள்ளலாம். எதில் தொடங்கினீர்களோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளக்கைச் செருகியதுமே, தொடாமலேயே டா டா டா என்று ஓடுகிறது!

மோனோ பிளக் செருகியிருக்கிறீர்கள். பேடிலுக்கு மூன்று இணைப்புள்ள ஸ்டீரியோ பிளக் வேண்டும்: நுனி டிட், நடு வளையம் டா, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. மோனோ பிளக்கில் நடு வளையம் கிடையாது. அதனால் டா இணைப்பு நேராகப் பொதுவோடு ஒட்டிவிடுகிறது.

கேள்வி: நான் இடது கைக்காரி. தனி பேடில் உண்டா?

வேண்டியதே இல்லை. மெனுவில் 'ரிவர்ஸ்' போடுங்கள், அல்லது பேடிலின் அடியில் இரண்டு கம்பிகளை மாற்றிப் பற்றவையுங்கள். வலது கையால் குறிப்பெழுதிக்கொண்டே இடது கையால் அனுப்பப் பழகிய வலது கைக்காரர்களும் இருக்கிறார்கள், போட்டிகளில் அது அருமையான வசதி.

கேள்வி: பென்ச்சர் பிஒய்-1, பிஒய்-2 இரண்டில் எது உயர்ந்தது? இத்தாலியப் பெகாலி வாங்கக் கடன் வாங்கலாமா?

பிஒய்-1-க்குக் கறுப்பு அடித்தட்டு, பிஒய்-2-க்குக் குரோம் பூசியது. மேலே இருக்கும் இயந்திரம் ஒன்றேதான். கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அது. பல பத்தாண்டுகளாக எத்தனையோ ஹாம் மேசைகளில் உழைத்த வடிவம் அது. உங்கள் முதல் பேடில் அதாக இருந்தால் நல்ல தொடக்கம். இங்கிலாந்தின் கென்ட் கனமானது, பித்தளை, முரட்டு உழைப்பு.

பெகாலியைத் தொட்டவர்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள், நானும் அந்தக் கூட்டம்தான். அந்த எந்திர நுணுக்கம் உண்மையானது. வார்னிஷ் பேச்சு இல்லை. ஆனால் அதன் உயர்ரக மாதிரிகள் சில நூறு யூரோ. அதோடு அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். கடன் வேண்டாம். நிமிடத்துக்கு 15 சொல் அனுப்புகிறவரின் கைக்கு பென்ச்சருக்கும் பெகாலிக்கும் உள்ள வித்தியாசம் சரியாகப் புரிவதே கடினம். 25 தாண்டட்டும். அப்போது உங்கள் பேடிலின் எந்தக் குறை உங்களைத் தடுக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள். அந்தக் குறை இல்லாத ஒன்றைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. இரண்டு மாதத்தில் டிட் விட்டு விட்டு வருகிறது.

உப்புக் காற்றின் வேலை. வெள்ளித் தொடுபுள்ளி கறுத்துவிடும். கீயர் வழியாக ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம், அந்த மெல்லிய படலத்தை எரித்துத் தள்ளும் பலம் அதற்குக் கிடையாது. அந்தக் காலத்து வால்வு டிரான்ஸ்மிட்டர்களில் கீயே பெரிய மின்னோட்டத்தைத் துண்டித்து இணைத்தது. அதற்குத் தடித்த வெள்ளி தேவைப்பட்டது. இன்று உங்கள் ஊருக்குத் தங்கம் பூசிய தொடுபுள்ளி பொருத்தம். இருக்கிற பேடிலுக்கு வைத்தியம் எளிது: வழவழப்பில்லாத வெள்ளைத் தாள் துண்டை நடுவில் வைத்து, பேடிலை மெல்ல அழுத்திப் பிடித்துத் தாளை இழுத்து எடுங்கள். கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். உப்புத்தாளோ அரமோ அதன் பக்கம் போகவே கூடாது, பூச்சு போய்விடும். வேலை முடிந்ததும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி வையுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். வெளிநாட்டு பேடில் விலையைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது.

தண்ணீர் குடித்துவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். இரண்டு ஆக்சா பிளேடு, கொஞ்சம் பித்தளைத் திருகு, நட்டு, ஒரு கனமான இரும்புத் தட்டு. பிளேடுகளை ஒடித்து, பல்லை அரைத்து மழுக்கி, பின்முனையில் மரக்கட்டையோடு இறுக்கினால் பிளேடே அச்சும் ஸ்பிரிங்குமாக வேலை செய்யும்: பேரிங் இல்லை, அதனால் பேரிங் ஆட்டமும் இல்லை! பிளேடின் பெயின்டைத் தொடுகிற இடத்தில் சுரண்டிவிட மறக்காதீர்கள். விறைப்பு கூடுதலாகத் தெரிந்தால் பிடிப்பைப் பின்னால் தள்ளுங்கள். நீளம் கூடக்கூட இளகும்.

ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ் ரிக்கில் கீயர் உள்ளேயே இருக்கிறது. சொந்தமாகப் பூட்டிய ரிக், சொந்தமாகச் செய்த பேடில்! அப்படி முதல் தொடர்பைப் பிடித்தால் எனக்கு எழுதுங்கள், நான் துள்ளிக் குதிப்பேன்.

கேள்வி: 10 வாட்டில் ஒழுங்காக இருக்கிறது. 100 வாட் வைத்தால் பேடில் பைத்தியம் பிடித்ததுபோல் டிட்டாகக் கொட்டுகிறது.

ஆன்டெனாவிலிருந்து ரேடியோ அலை பேடில் கம்பி வழியாகக் கீயருக்குள் புகுந்துவிட்டது. கவசமுள்ள கேபிள் போடுங்கள், பேடிலின் உலோக அடித்தட்டைப் பொதுக் கம்பியோடு இணையுங்கள், கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றுங்கள். டிட், டா இரண்டிலிருந்தும் பொதுவுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: எதிரில் இருப்பவர் எனக்கு 'க்யூஎல்எஃப்' அனுப்பினார். பார்த்தால், 'இடது காலால் அனுப்பிப் பாருங்கள்' என்று பொருளாம்! புது பேடில் வாங்கினால் மானம் திரும்புமா?

பழைய ஹாம் கேலி அது, மனதில் வைக்காதீர்கள். புது பேடிலால் திரும்பாது. கீயர் டிட், டா, அவற்றுக்கு நடுவிலுள்ள சின்ன இடைவெளி ஆகியவற்றைத்தான் கச்சிதமாகப் போடும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று டிட் அளவு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு டிட் அளவு மௌனம் வேண்டும். அதைப் போடுவது நீங்கள். பேடிலுக்கு மாறிய புதிதில் குறிகள் சுலபமாக வழுக்கிக்கொண்டு வருவதால் எழுத்துகளை ஒட்டிவிடுகிறோம். 'ஏ'யும் 'என்'னும் ஒட்டினால் கேட்பவருக்கு அது 'பி'தான்: டிட் டா டா டிட். மிருதங்கத்தில் சொல்லுக்கு நடுவே விடும் காலத்தைப்போல இந்த மௌனமும் கணக்குள்ளது. ஒரு மாதம் வேகத்தை மூன்று சொல் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்புவதைப் பதிவுசெய்து மறுநாள் காதால் மட்டும் எழுதி எடுத்துப் பாருங்கள். உங்களுக்கே புரியாத இடம்தான் அவருக்கும் புரியவில்லை.

கேள்வி: மோர்ஸ் தேர்வையே பல நாடுகள் எடுத்துவிட்டன. இதற்குப் போய்ப் பணம் செலவழிக்கலாமா?

2003-இல் சர்வதேச விதியிலிருந்து கட்டாயம் நீங்கியது. 2007-இல் அமெரிக்காவும் விட்டுவிட்டது. அதன் பிறகும் 7 மெகாஹெர்ட்ஸின் அடிப்பகுதியைத் திருப்பிக் கேளுங்கள், சாயங்காலமானால் சந்தைக் கூட்டம்! பேச்சுக்கு இரண்டரை கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 200 ஹெர்ட்ஸ்கூட வேண்டாம். அதனால்தான் ஐந்து வாட்டில் கடல் தாண்டிப் போகிறது. கட்டாயம் போய்விட்டதால் இன்று அனுப்புகிற எல்லோரும் விரும்பி அனுப்புகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் சேரக் கொடுக்கிற பணம் வீணாகாது.

கேள்வி: என் கணவருக்குப் பிறந்தநாள் வருகிறது. ஹாம். எதுவும் சொல்லாமல் ஒரு பேடில் வாங்கிக் கொடுக்க ஆசை. எப்படித் தேர்ந்தெடுப்பது?

கொடுத்து வைத்தவர்! அவர் வீட்டில் இல்லாத நேரம் மேசையைப் பாருங்கள். கைப்பிடித் துண்டு ஒன்றா, பக்கத்துக்கொன்றாக இரண்டா? புதியதும் அதே வகையாக இருக்கட்டும். பழைய பேடிலுக்கு அடியில் ரப்பர் பாய், துணி, ஒட்டுநாடா என்று முட்டுக் கொடுத்திருந்தால் அது அவரை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறது, கனமானதைப் பாருங்கள். ரிக்கில் பேடில் செருகும் துளை 3.5 மில்லிமீட்டரா 6.3 மில்லிமீட்டரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நல்ல பேடில்கள் கேபிள் இல்லாமலேயே பெட்டியில் வரும். பொருத்தமான ஸ்டீரியோ பிளக் வைத்த கவசக் கேபிளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறந்தநாள் ராத்திரி அவர் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்துவிடுவார்.