கொண்டையூசியும் ஒரு அட்டை முட்டையும்

வா கண்ணு, வந்து குந்து. மோரு வேணுமா? குடி. குடிச்சுப்போட்டு அந்தப் போனைச் சித்தெ கீழ வெய்யி. ஒரு வாரமா அதுல ரெண்டு காரைப் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வெச்சுத் தேச்சுக்கிட்டே இருக்கற. பொண்ணு பாக்கப் போனப்பக்கூட உங்கொப்பன் இம்புட்டு நேரம் பாக்கல. ஒருவாட்டிதான் நிமுந்து பாத்தான். அதுக்கே காலம் பூரா அனுபவிக்கறான்.

சின்னது ஒண்ணு, ஹூண்டாய் ஐ20 என் லைன். பெருசு ஒண்ணு, பி.எம்.டபிள்யூ 2 சீரீஸ் கிரான் கூப்பே. இதுல எது வாங்கலாம் அப்பாருன்னு என்னையக் கேக்கற. நா ஓட்டுனதெல்லாம் லாரியும் டிவிஎஸ் 50-உந்தான். ஆனாலும் கேட்டுப்போட்ட. சொல்லாம இருந்தா எனக்குச் சோறு செரிக்காது.

சின்னது 12 லட்சத்தைச் சுத்தி. பெருசு 2025 ஜூலையில புதுசா வந்தப்பவே 46 லட்சத்து 90 ஆயிரம், ஷோரூம் வெல மட்டும். ரெண்டையும் ஒரே தராசுல வெக்கறவன் ஒண்ணு பைத்தியக்காரனா இருக்கோணும், இல்லாட்டி சேட்டைக்காரனா இருக்கோணும். நீ எதுன்னு எனக்குத் தெரியும். உனக்கு மனசு சின்னதுல கெடக்குது. கண்ணு பெருசுல கெடக்குது. ஒண்ணு ஓட்டறதுக்குப் புடிச்சிருக்குது. இன்னொண்ணு கல்யாண மண்டபத்து வாசல்ல எறங்கறதுக்குப் புடிச்சிருக்குது. இல்லையா? ஏன் மோரைப் பாத்துக்கிட்டு இருக்கற, என்னையப் பாரு.

மொதல்ல ஒரு சேதி. ரெண்டும் சீமையில பொறந்து கப்பல்ல வந்ததுன்னுதான நெனச்ச? சின்னது இருங்காட்டுக்கோட்டையில பொறந்தது, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். 1998-ல சான்ட்ரோ வந்ததுல இருந்து கொரியாக்காரன் அங்க கார் செய்யறான். பெருசு மறைமலை நகரை ஒட்டி, மகிந்திரா வேர்ல்டு சிட்டியில. 2007-ல இருந்து செர்மன்காரன் அங்க வண்டி பூட்டறான். நடுவுல ஒரு மணி நேரத்துப் பாதைதான். ஒண்ணு அத்தை ஊரு, ஒண்ணு மாமன் ஊரு. அதுக்குத்தான் நீ கொரியாவுக்கும் செர்மனிக்கும் பஞ்சாயத்து பண்ணிக்கிட்டு இருக்கற.

பானட்டைத் தூக்கிப் பாரு. சின்னதுல 998 சிசி, மூணு சிலிண்டர், 120 குதிரை. பெருசுல 1499 சிசி. சிலிண்டர் எத்தனைங்கற? அதுலயும் மூணேதான்! 156 குதிரை. ரெண்டுலயும் டர்போ. டர்போன்னதும் வாயப் பொளக்காத. சைலன்சருக்குப் போற சூட்டுக் காத்து ஒரு காத்தாடியச் சுத்தும். அந்தச் சுத்துல இன்னொரு காத்தாடி வெளிக்காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். காத்து சாஸ்தி போனா எண்ணெயும் சாஸ்தி எரியும், பலமும் சாஸ்தி வரும். லாரில நாங்க இதை எப்பவோ பாத்தாச்சு.

பொறவு அந்த ரெட்டைக் கிளட்ச்சு. ரெண்டு வண்டிலயும் 7 கியர், ரெண்டு கிளட்ச். ஒத்தைப்படைக் கியருக்கு ஒண்ணு, ரெட்டைப்படைக்கு ஒண்ணு. ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கறப்பவே அடுத்தது தயாரா நிக்கும். எங்கப்பன் கெணத்துல கவலை ஓட்டறப்ப ரெண்டு ஜோடி மாடு கட்டுவாரு. ஒரு ஜோடி எறங்கறப்ப ஒரு ஜோடி ஏறும். தண்ணி நிக்கவே நிக்காது. அவ்வளவுதான் சூட்சுமம். இதைச் சொல்றதுக்கு நீ பாக்கற வீடியோவுல ஒரு பையன் அரை மணி நேரம் கையக் கைய ஆட்டறான்.

அப்பறம் பி.எம்.டபிள்யூன்னாலே பின்சக்கரம் தள்ளற வண்டின்னு ஒரு பெருமை பேசுவானுக. இந்த 2 சீரீசுல இழுக்கறது முன்சக்கரம். உன்ற சின்னதுலயும் முன்சக்கரந்தான். மாடு ஒரே பக்கந்தான் கட்டியிருக்குது கண்ணு, வண்டிக்கூடு மட்டும் வேற.

பேருல இருக்கற கூத்தைக் கேளு. கூப்பேன்னா ரெண்டு கதவு வண்டியாம். இதுக்கு நாலு கதவு. அப்பறம் எப்படிடா கூப்பேன்னு கேட்டா, கூரை பின்னால சரிஞ்சிருக்குதாம், அதனால கூப்பே. கதவால செடான், கூரையால கூப்பே. நம்ம திருச்செங்கோட்டு மலை மேல ஆதியில இருந்தே ஒருத்தர் ஆணு பாதி பொண்ணு பாதியா நிக்கறாரு. அவரு இதுக்காக ஒரு ரூவா கூடக் கேட்டதில்ல. சின்னதுலயும் பின்னால 'என்'னு ஒரு எழுத்து. பாத்ததும் நா நாமக்கல்லுன்னுதான் நெனச்சன். நம்மூரு லாரிகள்ள இல்லாத எழுத்தா? கடைசில பாத்தா அது கொரியாவுல நாம்யாங்னு ஒரு ஊராம். சரி, அவனவனுக்கு அவனவன் ஊரு.

சின்னதோட நீளம் 3995 மில்லி மீட்டர். 4 மீட்டருக்கு அஞ்சே அஞ்சு மில்லி கம்மி. ஒரு எறும்பு படுத்தா ரொம்பிப் போற எடம். அத்தனை கணக்கா வெட்டுனது அழகுக்குன்னு நெனச்சியா? 2006 பட்ஜெட்டுல சிவகங்கைக்காரரு ப. சிதம்பரம், 4 மீட்டருக்குள்ள சின்ன என்ஜின் வெச்ச காருக்கு வரியக் கொறச்சாரு. அன்னில இருந்து கம்பெனிக்காரன் எல்லாம் டேப்பும் கையுமா நிக்கறான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து அந்த அளவுக்குள்ள வர்ற வண்டிக்கு ஜிஎஸ்டி நூத்துக்கு 18. தாண்டுனா 40. தையக்காரன் உடம்புக்கு அளவெடுப்பான். கார்க்காரன் கசானாவுக்கு அளவெடுக்கறான்.

அதோட முடிஞ்சுதா? நம்ம தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போனா ஆயுள் வரியே நூத்துக்கு 20. பெருசுக்குக் கணக்குப் போடு. ஒம்போது லட்சத்தைச் சுத்தி வரும். ரோட்டுல கால் வெக்கறதுக்கு மட்டும். அதோட இன்னுங் கொஞ்சம் காசு சேத்துனா சின்ன வண்டியே ஒண்ணு வாங்கி வாசல்ல நிறுத்திப்போடலாம். டோல்கேட்டுல மட்டும் ரெண்டுக்கும் ஒரே காசு. அந்தக் குச்சிக்கு உன்ற அந்தஸ்து தெரியாது. பாஸ்டேக் பட்டையப் பாக்கும், தூக்கும்.

வேகம் வேகமுங்கற. நின்ன எடத்துல இருந்து நூறு தொடறதுக்குப் பெருசுக்கு 8.6 நொடி. சின்னதுக்கு 10 நொடிக்குச் சித்தெ கம்மி. ஒரு நொடி சொச்சந்தான் வித்தியாசம். அந்த ஒரு நொடிக்கு முப்பத்தஞ்சு லட்சமா? ஒரு நொடி மிச்சம் புடிச்சுப் போயி என்ன பண்ணப் போற? ராசிபுரம் தாண்டி டீக்கடைல அரை மணி நேரம் நிக்கறவந்தான நீ?

நம்மூருல வண்டி வாங்கறவன் என்ன கேப்பான்னு பாடி கட்டற பட்டறைல போயி ஒரு நாளு குந்திப் பாரு. நா குந்தியிருக்கறன். பஞ்சாப்புல இருந்து வந்தவன், ஆந்திராவுல இருந்து வந்தவன், எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். எத்தனை டன் தாங்கும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்கும், ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சா நடு வழியில கெடைக்குமா, டிரைவரு முதுகு தாங்குமா. நூறை எத்தனை நொடில தொடும்னு ஒருத்தன் கேட்டு நா பாத்ததில்ல. உன்ற பெரிய வண்டிக் காசுக்கு ஒரு சேஸ் எடுத்து, பாடி கட்டி, முன்னால கண்ணு வரைஞ்சு, எலுமிச்சம்பழம் வெச்சு ரோட்டுல விட்டுப்போடலாம். அது உனக்குச் சோறு போடும். இதுக்கு நீ மாசாமாசம் தவணை போடோணும்.

போன நோம்பிக்கு ஒறம்பரை ஒருத்தன் ஒரு சொகுசு வண்டில வந்தான். எந்த வண்டின்னு கேக்காத, கம்பெனிக்காரன் பொல்லாப்பு நமக்கெதுக்கு. உன்ற அப்பத்தாளைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறன்னு நின்னான். கதவத் தொறந்தா கண்ணாடிக்குச் சட்டமே இல்ல, வெறுங் கண்ணாடி. எதப் புடிச்சு ஏறுவா கெழவி? மொழங்கால் வேற ஒத்துக்காது. ஒரு காலை உள்ள வெச்சா. தலையக் குனிஞ்சா. கூரை சரிஞ்சு வர்ற எடத்துல கொண்டை தட்டுச்சு. பூ விழுந்துச்சு. மறுக்கா வெளிய வந்தா. பின்னாலயே போயிக் குந்தி, பொறவு காலைத் தூக்கி உள்ள வெச்சா. உள்ள பாத்தா செவப்பும் நீலமுமா லைட்டு எரியுது, தேர் நோம்பியாட்டம். மேல கண்ணாடிக் கூரை, சித்திரை மாச வெய்யில் நேரா மண்டை மேல. அவ என்ன சொன்னா தெரியுமா? "ஏஞ்சாமி, இது சாமி பாக்கப் போற வண்டியா, இல்ல சாமிகிட்டயே போற வண்டியா?"

உடனே சின்னது ஒசத்தின்னு நா சொல்றன்னு நெனச்சுக்காத. பெருசுல ஒரு நாயம் இருக்குது. ராத்திரி பெங்களூருல இருந்து கெளம்பி ஓசூர், கிருஷ்ணகிரின்னு வர்றப்ப உள்ள சத்தம் கேக்காது. முதுகு நோகாது. நாலு மணி நேரம் ஓட்டிப்போட்டு மூஞ்சி வாடாம எறங்கலாம். அதுக்குக் காசு குடுக்கறவனை நா குத்தஞ் சொல்ல மாட்டன். சின்னதும் லேசுப்பட்டதில்ல. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வெச்சிருக்கறான். ஆனா ஒண்ணு, தொப்பூர் கணவாய் எறக்கத்துல எந்தக் காரா இருந்தாலும் பிரேக்குல காலை வெச்சுத் தேச்சுக்கிட்டே எறங்காத. ஏறுறதுக்கு என்ன கியரோ எறங்கறதுக்கும் அதே கியர். உனக்கு முன்னால போற லாரிக்காரன் அதைத்தான் பண்றான். அவனை ஒட்டிக்கிட்டுப் போகாத. அவன் பிரேக் சூடாகி நாறுனா உனக்குத் தெரியறப்ப நேரம் போயிருக்கும்.

ஓட்டறதுன்னதும் ஒரு முட்டைக் கதை ஞாபகம் வருது. உன்ற கூட்டாளி ஒருத்தன் வேகக் காரு ஒண்ணு வெச்சிருக்கறானே, அதுவும் பேரு வேண்டாம். போன மாசம் வந்து, "ஏறுங்க அப்பாரு, ஒரு ரவுண்டு"ன்னான். ஏறுனன். கையில ஒரு அட்டை முட்டை இருந்துது, 30. பின்சீட்டுல வெச்சன். சேந்தமங்கலம் ரோட்டுல பறந்தான் பாரு! வேகத்தடையக் கண்டா ஒரு குத்து, தாண்டுனா ஒரு அமுக்கு. திரும்பி வந்து பாத்தா 11 முட்டை ஒடஞ்சு கெடந்துது. சீட்டெல்லாம் மஞ்சக்கரு. அவனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. சஸ்பென்சன் கொஞ்சம் கல்லு மாதிரிங்க அப்பாருன்னு வண்டி மேல பழி போட்டான். சரி வா, மறுக்காப் போலாம்னு இன்னொரு அட்டை எடுத்தன். இந்தவாட்டி பின்சீட்டுல உன்ற அப்பத்தா குந்தியிருக்கறான்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுன்னன். அதே வண்டி, அதே ரோடு, அதே பண்ணை முட்டை. ஒண்ணு கூட ஒடயல. ஒடஞ்ச பதினொண்ணுக்கு அன்னிக்கு நாமக்கல் மண்டலத்துக்கு முட்டைக் கமிட்டி என்.இ.சி.சி. சொன்ன வெலையக் கணக்குப் போட்டு வாங்கிக்கிட்டன். அவனும் குடுத்தான். நல்ல பையன்.

எங்க காலத்துலயும் இந்தச் சண்டை இருந்துச்சு கண்ணு. பியட்டா அம்பாசடரான்னு டீக்கடை பெஞ்சுல வேட்டி அவுறற வரைக்கும் பேசுவானுக. பியட்காரன் மைலேஜுங்குவான். அம்பாசடர்காரன் ஒம்போது பேரு ஏறலாமுங்குவான். பேசுனதுல ரெண்டு பேருகிட்டயும் காரே இருக்காது, அது வேற விசயம். இப்ப உன்ற போனுக்குள்ள சண்டை போடறவனுகள்லயும் பாதிப் பேரு அப்படித்தான்னு எனக்கொரு சந்தேகம்.

நீ வருசத்துக்கு எத்தனை நாளு மண்டபத்து வாசல்ல எறங்குவ? ஆவணில நாலு, தையில அஞ்சு, வைகாசில ரெண்டு மூணு. அதுலயும் வாசல்ல பந்தக்கால், கோலம், ஜெனரேட்டர் வண்டி. கார் உள்ளயே வராது. ரெண்டு பர்லாங்கு தள்ளி நிறுத்திப்போட்டு வேர்த்து விறுவிறுத்து நடந்துதான் வருவ. நீ எதுல வந்தன்னு பாக்கறவன் ஆரு? பந்தில எடம் புடிக்கறதுதான் அவனவன் வெசனம்.

சரி, மோரு தீந்துபோச்சு. நேரா விசயத்துக்கு வர்றன். அந்தச் சின்ன வண்டிய ஷோரூம்காரன் ஒரு நாளைக்கு ஓட்டிப் பாக்கக் குடுப்பானா? கேளு. குடுத்தா ஷோரூமைச் சுத்தி ரெண்டு சந்துல ஓட்டிப்போட்டு வராத. சனிக்கெழமை கருக்கல்ல எடுத்துக்கிட்டு இங்க வா. காரவள்ளிக்குப் போலாம். அங்க இருந்து கொல்லிமலை மேல 70 கொண்டையூசி. லாரி ஓட்டுன காலத்துல ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். எந்த வளவுல கொரங்கு குந்தியிருக்கும்னு கூடச் சொல்லுவன். ஏறுறப்ப மெதுவா ஏறு. நாப்பதாவது வளவு தாண்டுனதும் எதுருக்க வண்டி இல்லாத எடமாப் பாத்து நா சொல்றன், அப்ப மட்டும் சித்தெ அமுக்கு.

முன்சீட்டு எனக்கு. முட்டை எடுத்துக்கிட்டு வரமாட்டன், பயப்படாத. உன்ற அப்பத்தா கேட்டா சேலத்துக்குக் கண்ணு டாக்டரைப் பாக்கப் போறம்னு சொல்லு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லோணும், கேட்டியா?