விபூதியும் கொய்னாவும்

எங்கள் தோட்டத்தில் காய்ச்சல் கண்டால் போவதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று டிரசர் ஐயாவின் மருந்தகம். மற்றொன்று மாரியம்மன் கோயில். நடுவே ஒரு பந்துத் திடல். ஜொகூரில் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. 1960களில் அங்கே வளர்ந்தவர்கள் இந்த இரண்டு வாசலையும் சேர்த்துத்தான் நினைவு வைத்திருப்பார்கள். காலையில் டிரசர் கொய்னா என்ற கசப்பு மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கி முடித்து வாயைத் திறந்து காட்டும்வரை எதிரிலேயே நிற்பார். மாலையில் பூசாரித் தாத்தா நெற்றியில் விபூதி பூசி, "ஆத்தா பாத்துக்குவா, தைரியமா இரு" என்பார். எது காய்ச்சலை இறக்கியது என்று கேட்டால் அம்மா யோசிக்கவே மாட்டார். இரண்டும்தான் என்பார்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அதைப் பார்த்த பிறகு அடுத்த வீட்டுக்காரர்கூட உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. உடம்பில் முத்து வாடிய பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் தலைக்கு ஊற்றினால்தான் வெளியே வரலாம். பின்னாளில் தாதிப் பயிற்சிக்குப் போய்த் தொற்றுநோய்ப் பாடம் படித்தபோது, நோயாளியைத் தனியே வைக்கும் முறையை எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அதைச் சாமிக் காரியமாகவே செய்து வந்தோம். ஆத்தாளுக்குப் பயந்து கடைப்பிடித்த அந்தக் கட்டுப்பாடு எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும்.

ராத்திரியில் பிள்ளை வீறிட்டு அழுதால் கோயில் மட்டுமல்ல, பக்கத்துக் கம்பத்து இமாமின் வீட்டுக் கதவும் தட்டப்படும். அவர் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரைப் போத்தலில் வாங்கிவந்து புகட்டுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வரும் தமிழ்ப் போதகர் மதம் பார்க்காமல் நோயாளி வீடுகளுக்கெல்லாம் போய், கையைப் பிடித்து ஜெபம் செய்துவிட்டுப் போவார். அன்று ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மருந்துக்குத்தான் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தின் விலையை எங்களுக்கு முந்திய தலைமுறை உயிரால் கொடுத்தது. கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் 1897-இல் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பை வடிகால் வெட்டி வற்றவைத்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களின் கதை வேறு. அங்கே காட்டை வெட்டியதே வினையாயிற்று. நிழலில் ஓடிய சிற்றோடைகள் வெயிலுக்குத் திறந்துகொண்டன. வெயில்படும் தெளிந்த நீரில் முட்டையிடும் கொசுவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ரப்பர் கன்று நடக் காட்டைத் திறந்தவர்களே அந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். கொக்கிப்புழுவும் ரத்தச்சோகையும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி, லயத்துச் சுவர்களுக்கெல்லாம் மருந்தடிக்க ஆட்கள் வந்த பிறகுதான் அந்தப் பயம் மெல்ல விலகியது.

அந்த மருந்துப் பஞ்சகாலத்தில் ஜொகூருக்கு வந்து வேலை பார்த்தவர் டாக்டர் குப்புசாமி. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் 1887-இல் பிறந்தவர். தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, திருச்சியிலிருந்து 'அம்புரோசியா' என்ற மருத்துவ மாத இதழை நடத்தியவர். 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறி, சிரம்பான் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பணிசெய்தார். பிறகு ஜொகூர் மெடிக்கல் ஆபீஸில் சுமார் மூன்று ஆண்டுகள். அவர் ஜொகூரில் இருந்த காலத்தில்தான் சிங்கப்பூரை இணைக்கும் கடற்பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல உடையிலும் நகையிலும் அவருக்கு ஆசை உண்டு. ஒரே நேரத்தில் பத்து மோதிரம் அணிந்திருந்ததாகத் தம் வரலாற்றில் அவரே சொல்கிறார். அதே கையால்தான் ஏழை நோயாளிக்கு மருந்தோடு செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார். வீட்டு வைத்தியம், பழங்களின் பயன், பொதுச் சுகாதாரம், நோய்களுக்குரிய தமிழ்ப் பெயர்கள் என்று இந்த மண்ணிலிருந்தபடியே புத்தகங்களும் எழுதினார். நோயாளிக்குப் புரியாத மருத்துவம் பாதி மருத்துவம்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். இவ்வளவும் பலருக்குத் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது இடையில் நடந்தது. உடம்புக்கு வைத்தியம் பார்ப்பது போதாது, உள்ளத்துக்கும் மருந்து வேண்டும் என்று இங்கிருந்து கிளம்பியவர், அங்கே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துவிடவில்லை. தம் காப்புறுதிப் பணம் முதிர்ந்து கைக்கு வந்தபோது, 1927-இல், லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் காய்ச்சல் பார்த்தார், புண் கழுவினார். தியானத்துக்கு முன்னால் சேவையை வைத்தார். எங்கள் தோட்டத்தில் திடலின் இருபுறமும் இருந்த இரண்டு வாசல்களை அவர் ஒரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு வருவோம்.

நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தோட்டத்து ஜனங்கள் கூலாய், ஸ்கூடாய், மாசாய், உலு திராம் என்று தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிவிட்டார்கள். கிடுகுக் கூரையடியில் இருந்த சாமிகள் கோபுரம் கண்டுவிட்டன. ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கோயில் முழுவதும் கண்ணாடி பதித்து 2009-இல் புதுப்பொலிவு பெற்றது. வெளிநாட்டுப் பயணிகளும் அதைப் பார்க்க வருகிறார்கள். மருந்துப் பஞ்சமும் தீர்ந்தது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கி வரலாம். மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தொற்றவில்லை. குரங்கு மலேரியா மட்டும் காட்டோரங்களில் மிச்சமிருக்கிறது.

அதே வேளையில் நோய் வேறு வேடம் போட்டு வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்னும் நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகமாக இருந்தது, மூன்றில் ஒருவரை நெருங்கியது. பசியோடு பால்மரம் சீவிய தலைமுறைக்கு டின்பால் தேநீரும் சீனியும் தெம்பு. கோயிலில் கிடைத்த ஒரு கை சர்க்கரைப் பொங்கல் அவர்களுக்கு உண்மையாகவே அருள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காரில் வந்து இறங்கி அதே பொங்கலை வாங்குகிறார்கள். உடம்பின் உழைப்பு போய்விட்டது, சீனியின் அளவு அப்படியே நிற்கிறது. அது கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் போய் முடிகிறது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் தமிழர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலரை அன்று தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையில் பார்த்திருக்கிறேன்.

இன்று மருந்து இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை. குப்புசாமியின் காலத்தில் கட்டிய அந்தப் பாலம்தான் இப்போது விடியுமுன் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிறது. நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறார்கள், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். குடும்பம் வாழ வேண்டுமே, அவர்களைக் குறை சொல்லவே முடியாது. வீட்டிலிருக்கும் அப்பாவோ அம்மாவோ காலையில் எந்த மாத்திரை, இரவில் எந்த மாத்திரை என்று தெரியாமல் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்ல டிரசர் இல்லை. "தைரியமா இரு" என்று சொல்ல அடுத்த வீட்டுப் பாட்டியும் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில் நடக்கும் மருத்துவ முகாமில் நானும் ஒரு மேசையில் உட்காருகிறேன். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், கையில் ரத்த அழுத்தப் பட்டை, ஒரு பதிவேடு, அவ்வளவுதான். 2025 முதல் ஜொகூரில் சனி ஞாயிறு விடுமுறை திரும்பியதால் ஞாயிறு காலை பூஜைக்கு வருகிறவர்கள் அப்படியே வரிசையில் நிற்கிறார்கள்.

ஒருமுறை பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது.

"என்னண்ணே, மாத்திரை போடறீங்களா?"

"இல்ல மிஸ்ஸி. ஒரு மண்டலம் விரதம். மாத்திரைய ஆத்தா கால்ல வச்சிட்டேன். இனி அவ பாடு."

நான் என்ன சொன்னாலும் அவர் கேட்டிருப்பாரா தெரியாது. பக்கத்தில் நின்ற எங்கள் பூசாரி உள்ளே போனார். அந்த மாத்திரை அட்டையைத் தட்டில் குங்குமத்தோடு எடுத்துவந்து நீட்டினார். "ஆத்தா பாத்துட்டா. இப்ப பிரசாதமா குடுக்கறா. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கய்யா" என்றார். பெரியவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரதத்தோடு மருந்து நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்று அந்த வாரமே கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். நோன்பு மாதத்துக்கு முன்பே மலாய்க்கார நோயாளிகள் வந்து மருந்து நேரத்தை மாற்றி வாங்கிப் போவதை வேலையில் இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். நம்முடைய விரதக்காரர்களுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். அதை நான் சொல்வதைவிடப் பூசாரி சொன்னால் சீக்கிரம் வரும்.

பக்தி மருந்துக்கு எதிரி என்று பேசுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. மருந்தை நிறுத்திவிட்டு வந்தால் குணமாக்குகிறேன் என்று கூட்டம் சேர்ப்பவர்களை அதைவிடக் கடுமையாக மறுக்கிறேன். ஜெபமோ மந்திரமோ இன்சுலின் வேலையைச் செய்யாது. ஆனால் ஊசி போட்டுக்கொள்ளும் மனத்தெம்பை அது தரும். நாளைக்கும் எழுந்திருக்க வேண்டும் என்ற ஆசையைத் தரும். நாட்பட்ட நோய்க்கு அந்த ஆசைதான் முதல் மருந்து.

மனநோயிலும் இதே கதைதான். அன்று தம்போய் என்ற பேரைச் சொல்லவே தோட்டத்தில் கூசுவார்கள். அங்கேதான் மனநோய் ஆஸ்பத்திரி. ஒரு பெண் பேசாமல், சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் பேயோட்டி முடித்த பிறகுதான் டாக்டர் நினைவு வரும். இன்று அந்த வெட்கம் கொஞ்சம் விட்டிருக்கிறது. ஆனாலும் முதலில் நோய் கண்டவர்கள் போய் அழுவது அம்மன் முன்னாலோ மாதா முன்னாலோதான். அந்த அழுகையைக் கேட்கிறவர், "வாம்மா, நானும் உன்கூட ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் ஓர் உயிர் மீளும்.

ஆகவே கோயில் நிர்வாகங்களுக்கும் திருச்சபைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் என் வேண்டுகோள் பெரியதில்லை. ஓர் அறை கொடுங்கள். ஓய்வுபெற்ற மிஸ்ஸிகளும் டாக்டர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். அன்னதானத்தில் சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். பொங்கலை ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள், அருள் குறைந்துவிடாது. சுத்திகரிப்புக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்ல வாரம் ஒரு நாளாவது வண்டி ஏற்பாடு செய்யுங்கள். மூன்று வாரம் வராதவரின் வீட்டுக்கு யாராவது போய்க் கதவைத் தட்டட்டும். திருவிழாக் கணக்கில் பட்டாசுக்கும் பந்தலுக்கும் எழுதுகிற தொகைக்குக் கீழே இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

டாக்டர் குப்புசாமிக்கு உடம்பையும் உள்ளத்தையும் கவனிக்கும் இரண்டு வேலையையும் ஒன்றாக்க இமயமலை அடிவாரம்வரை போக வேண்டியிருந்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜொகூரில் மண்டபமும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. மண்டபத்துக்கு வருகிறவரிடம் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பதில்தான் நம் வழிபாடு தொடங்க வேண்டும்.