சொந்தக் கால்

சோஷலிச நாட்டில் ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் சொந்தக் காலில் நிற்பது சுலபம்தானே?
- வாசகி, சிவகாசி

நிற்கலாம். உட்காரத்தான் நேரம் இருக்காது! ‘மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை’ (1980) என்ற சோவியத் படம் பாருங்கள். ஹாஸ்டலில் கைக்குழந்தையோடு பாடம் படிக்கும் கத்தெரினா, அழுதபடியே அலாரம் வைத்துவிட்டுப் படுக்கிறாள். கண் விழித்தால் இருபது வருடம் ஓடியிருக்கிறது. இப்போது ஆலை டைரக்டர்! காதலன் கோஷாவோ ஃபிட்டர். விஷயம் தெரிந்ததும் அய்யா கோபித்துக்கொண்டு குடிக்கப் போய்விடுகிறார். ஆலையை அரசுடைமை ஆக்கியவர்கள் ஆண் கர்வத்தைத் தனியுடைமையாகவே விட்டுவிட்டார்கள் போல.

1981-ல் இந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ள இயக்குநர் மென்ஷோவை அமெரிக்கா போக விடவில்லை.