பதினாலாம் சேனல்காரர்

ரௌட்டருக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி எதுவானாலும் இவர் ஒருவர் இருப்பார். இரண்டு பேர் இருந்துவிட்டால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

புதிதாகச் சேர்ந்த பையன், அலைவரிசையைக் கொடுத்தால் வைஃபை சேனல் எண்ணைச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை எழுதியிருப்பான். 2407-ஐக் கழி, 5-ஆல் வகு. 2412 மெகாஹெர்ட்ஸுக்கு 1, 2437-க்கு 6. ஒரே வரி. டீ குடிக்க எழுந்தவனை, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்: "தம்பி, 2484?"

பையன் தட்டிப் பார்ப்பான். 15.4 வரும்.

"அந்த பாயின்ட் நாலை என்ன செய்யப் போறே?"

13 வரை ஐந்தைந்தாக வந்த வரிசை, 14-க்கு மட்டும் 12 மெகாஹெர்ட்ஸ் தாண்டிக் குதிக்கிறது. அதுவும் ஜப்பானில் மட்டும். அங்கேயும் பழைய 802.11பி-க்கு மட்டும். கம்பெனி சரக்கு செங்கல்பட்டைத் தாண்டினாலே பெரிய விஷயம். இருந்தாலும் 14-க்குத் தனி 'இஃப்' போடாமல் கோடு உள்ளே போகாது.

5 கிகாஹெர்ட்ஸில் 2407-க்குப் பதில் 5000-ஐக் கழித்தால் போதும், 5180-க்கு 36 என்று பையன் தெம்பாகச் சொல்வான். "4920?" மறுபடி ஜப்பான். அங்கே 4000-ஐக் கழிக்க வேண்டும், 184 வரும். 6 கிகாஹெர்ட்ஸில் கழிக்க வேண்டியது 5950. 5955 என்றால் சேனல் 1. இந்த இடத்தில் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பங்காளி வீட்டு ரகசியம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்துவார்: "ஆனா ரெண்டாம் சேனல் 5935-ல இருக்கு. ஒண்ணுக்குக் கீழே ரெண்டு! உன் கணக்குல மைனஸ் மூணு வரும்."

எண்ணை மட்டும் சொன்னால் இவருக்குப் போதாது. "ஒண்ணுன்னா எந்த பேண்டு ஒண்ணு?" நியாயமான கேள்விதான், ஒன்றுக்கு மேற்பட்ட பேண்டில் 1 இருக்கிறது. கேட்கிற நேரம்தான் பெரும்பாலும் சாப்பாட்டு நேரம்.

குடியிருப்பிலும் இதே பாடு. மாடி வீட்டு வைஃபை 3-ல் இருப்பதைக் கண்டுபிடித்துப் படியேறிப் போனார்.

"சார், 1, 6, 11 இதுல ஒண்ணுக்கு மாத்துங்க. ஒரு சேனலே 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் இடிக்கும்."

"சேனலா? இப்ப சீரியல் நேரம் சார். வீட்ல மாத்த விடமாட்டாங்க."

போன வாரம் பையன் 14, 184, மைனஸ் மூன்று எல்லாவற்றுக்கும் வழி செய்து ஃபங்ஷனைக் கொண்டுவந்தான். ஒரே வரி ஆறு 'இஃப்' ஆகியிருந்தது. இவர் மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. முகமே வாடிவிட்டது. பையன் நைசாக டீ குடிக்க நழுவினான். அவன் லிஃப்ட் பொத்தானை அமுக்கும்போது பின்னால் குரல் கேட்டது, பழைய உற்சாகத்தோடு:

"தம்பி, 60 கிகாவை விட்டுட்டியே! அங்கே 2160-ஆல வகுக்கணும்!"