நினைவுச் சின்னத்தை வீட்டில் வளர்ப்பது எப்படி?

(யாமனாஷி மாநிலம், ஜப்பானின் தென் ஆல்ப்ஸ் மலையடிவாரம். திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. பன்றி வேட்டையை விட்டு, 'காய் கென்' நாய்களை மட்டும் விடாத கிழவர். எதிரே டோக்கியோ இளைஞர். நடுவில் ஒரு குட்டி, இளைஞரின் ஷூ லேஸைக் கடித்தபடி.)

இளைஞர்: ஐயா, ஷின்ஜுகுலேர்ந்து ஒன்றரை மணி நேரம் ரயில்ல வந்திருக்கேன். எனக்கு ஷிபா வேண்டாம், எங்க தெருவுல எல்லார்கிட்டயும் அதுதான். அகிதா ரொம்பப் பெரிசு. நடுவாந்தரமா, யாரும் பார்க்காத மாடலா ஒண்ணு காட்டுங்க.

கிழவர்: சட்டைக் கடைக்கு வந்த மாதிரியே கேக்கறே தம்பி. நடுத்தர அளவுல நாலு உண்டு. கிஷூ, ஷிகோகு, ஹொக்காய்டோ, இந்த காய். செல்போன் விளம்பரத்துல குடும்பத்துக்கே அப்பாவா வந்து பேசுச்சே ஒரு வெள்ளை நாய், அது ஹொக்காய்டோ. வெள்ளைதான் வேணும்னா கிஷூவும் இருக்கு.

இளைஞர்: வெள்ளை அழுக்காகும். புலி வரிதான் வேணும், போட்டோவுல தூக்கலா இருக்கும். ஆனா இது கறுப்பா இருக்கே?

கிழவர்: குட்டியில கறுப்பாத்தான் இருக்கும். வரி வளர வளரத்தான் தெரியும். கறுவரியா செவ்வரியான்னு இப்பவே எழுதிக் கொடுக்கச் சொல்லாதே.

இளைஞர்: சரி, எடுத்துட்டுப் போறேன். வரி சரியா விழலேன்னா மாத்திக்...

கிழவர்: தம்பி! 1934ல அரசாங்கமே இயற்கை நினைவுச் சின்னம்னு அறிவிச்ச இனம் இது. நினைவுச் சின்னத்தை மாத்தித் தர்றதில்லை.

இளைஞர்: அட, நினைவுச் சின்னமா! என் ஆன்லைன் பக்கத்துல போடலாமே. அப்போ நிறைய சலுகை இருக்குமே?

கிழவர்: இல்லாமலா? மத்த இனத்துக் குட்டியை 56 நாள் ஆகாம விக்கக் கூடாதுன்னு 2021லேர்ந்து கட்டாயம். இயற்கை நினைவுச் சின்னமா இருந்தா, வளர்க்கறவனே நேரா விக்கும்போது 49 நாள் போதும். தாய்ப்பால்ல ஒரு வாரத்தைக் கழிச்சுக்கிட்டுக் கௌரவம் கொடுத்திருக்காங்க. இன்னொண்ணும் கேளு. இந்த மலையில காமோஷிகான்னு ஒரு காட்டாடு. அதைத் துரத்திப் பிடிக்கத்தான் இவங்க தாத்தனுங்களைப் பழக்கினாங்க. அந்த ஆட்டையும் அதே 1934லதான் நினைவுச் சின்னமாக்கினாங்க. 1955ல அதுக்கு 'சிறப்பு'ன்னு பதவி உயர்வு வேற. துரத்தறவனுக்கும் பட்டம், ஓடறவனுக்கும் பட்டம். இவனுக்கு வேலைதான் போச்சு.

இளைஞர்: வேலை இல்லாட்டி நல்லதுதான் ஐயா. சும்மா சோபாவுல படுத்துக் கிடக்கட்டும்.

கிழவர்: படுக்குமா? உன் வீடு எத்தனாவது மாடி?

இளைஞர்: பதினொண்ணு. பால்கனி உண்டு.

கிழவர்: மரம் ஏறும்னு பேர் எடுத்த ஜாதி இது. பால்கனியை மூடு. அப்புறம், உங்க அடுக்குமாடியில நாய்க்கு என்ன விதி?

இளைஞர்: பத்து கிலோ வரைக்கும் அனுமதி. இப்போ இது மூணு கிலோகூட இருக்காதே?

கிழவர்: நீயும் பொறந்தப்போ மூணு கிலோதான் இருந்திருப்பே.

இளைஞர்: டயட்ல வெச்சுக்கலாம். முடி கொட்டுமா?

கிழவர்: வருஷத்துக்கு ரெண்டு தடவை, உள்முடி கத்தை கத்தையா.

இளைஞர்: ரோபோ வேக்குவம் இருக்கு.

கிழவர்: அதையும் வேட்டையாடிடும். வாங்கிக்கோ, இன்னும் ரெண்டு.

இளைஞர்: ஞாயித்துக்கிழமையில ஆபீஸ் நண்பர்கள் வருவாங்க. எல்லார் மடியிலயும் உக்காருமா?

கிழவர்: ஒரு ஜன்மத்துக்கு ஒரே எஜமான்னு இவனைப் பத்திச் சொல்லுவாங்க. உன் நண்பர்களை ஒரு தடவை மோந்து பார்ப்பான். அப்புறம் அவங்க உக்காந்த நாற்காலிக்கு என்ன மரியாதையோ அதுதான் அவங்களுக்கும். ஆமா, அந்த ஒரே எஜமான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்?

இளைஞர்: காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரி பதினொண்ணு ஆகும். ஆனா காத்திருக்கறது ஜப்பானிய நாய்க்கு ரத்தத்துலயே இருக்கே ஐயா! ஹச்சிகோங்கற நாய் தன் எஜமானுக்காக ஷிபுயா ஸ்டேஷன்ல ஒன்பது வருஷத்துக்கு மேல காத்திருக்கலையா?

கிழவர்: அதோட எஜமான் பேராசிரியர் 1925ல செத்துட்டாரு, அதனால வரலை. நீ உயிரோட இருந்துக்கிட்டே வரமாட்டேங்கறே.

(குட்டி லேஸை அறுத்து முடித்து, அடுத்த ஷூவுக்குப் போகிறது.)

இளைஞர்: இது எவ்வளவு காலம் இருக்கும்?

கிழவர்: நல்லாப் பார்த்துக்கிட்டா பதினஞ்சு வருஷம்கூட இருக்கலாம்.

இளைஞர்: பதினஞ்சா? என் போனையே ரெண்டு வருஷத்துல மாத்திடறேனே.

கிழவர்: அப்படிச் சொல்லு. உனக்குன்னே ஒரு நாய் இருக்குப்பா. சோனிக்காரங்க 2018ல திரும்பக் கொண்டு வந்தாங்களே, ஐபோ. முடி கொட்டாது, வளராது. நடுராத்திரியில வந்தாலும் வாலாட்டும். பேட்டரி குறைஞ்சா தானே போய் சார்ஜர்ல படுத்துக்கும்.

இளைஞர்: அதையும் போய்ப் பார்த்துட்டேன் ஐயா. சந்தா மூணு வருஷத்துக்காம். அவ்வளவு நாளைக்கு நான் எப்படி வாக்குக் கொடுக்க முடியும்?