நீள ஸ்லாட்டும் நாலு லேனும்

அம்பத்தூரில் டன்லப் என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான தொழிற்சாலையில் டயர் செய்து பல வருஷம் ஆகிறது. கண்டக்டர் மட்டும் இன்னும் "டன்லப் எறங்கு" என்கிறார். நாமும் இறங்குகிறோம், யாரும் டயர் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் மதர்போர்டில் இரண்டாவதாக இருக்கும் நீள ஸ்லாட்டும் இதே வகைதான். பெயர் பதினாறு, உள்ளே பதினாறு கிடையாது. என் மச்சினன் அங்கே இறங்கி டயர் கேட்டவன்.

திருமுல்லைவாயலில் அத்தை வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, பூந்தமல்லிப் பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளுக்கு 3டி வீடியோ செய்து கொடுப்பது அவன் தொழில். பில்டர் அஸ்திவாரம் தோண்டும் முன்பே இவன் நீச்சல் குளத்தில் தண்ணீர் நிரப்பி, ஓரமாக ஒரு வெளிநாட்டு நாயை வாக்கிங் விட்டிருப்பான். அந்தத் தண்ணீர்தான் வினை. அதில் வெயில் பட்டுத் தெறிப்பதை பிளெண்டர் என்னும் 3டி மென்பொருள் கணக்குப் போட்டு முடிக்க ஒரு ஃப்ரேமுக்கு நாலு நிமிஷம் ஆகிறது. வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு நிமிஷ வீடியோ என்றால் 1,440 ஃப்ரேம், முழுசாக நாலு நாள். நடுவில் பில்டர் போன் பண்ணி, "நாய் வேணாம் தம்பி, குழந்தையா போட்டுடுங்க" என்பார்.

ஆகவே இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு. அவனிடம் ஏற்கெனவே இருந்தது 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். அதே மாடலில் இன்னொன்றை ஆவடியில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் கொடுத்தார். 2022 செப்டம்பரில் எதிரியம் என்னும் கிரிப்டோ நாணயம் மைனிங் முறையையே கைவிட்டுவிட, அதுவரை நாணயம் 'தோண்டிக்கொண்டிருந்த' கார்டுகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

மாட்டினான், ஓடியது. ஆனால் ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் முதல் கார்டுக்கு எதிரே 16, இரண்டாவதற்கு எதிரே 4. இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன்.

"மாமா, ரெண்டு ஸ்லாட்டும் ஒரே நீளம். ஸ்கேல் வெச்சு அளந்துட்டேன்."

"உள்ளே டார்ச் அடிச்சுப் பாருடா."

பார்த்தான். முதல் ஸ்லாட்டில் கடைசி வரை உலோக முனைகள். இரண்டாவதில் பாதிக்கும் குறைந்த தூரம்தான் முனைகள், மீதி வெறும் பிளாஸ்டிக். அவனுடைய பி450 போர்டு மாதிரி நடுத்தர விலைப் போர்டுகளில் இது வழக்கம். பிசிஐ எக்ஸ்பிரஸில் தகவல் போகும் இணைப்புக்கு லேன் என்று பெயர். அவன் வைத்திருக்கும் ரைசன் ப்ராசஸர் தருவது மொத்தம் 24 லேன். கிராஃபிக்ஸுக்குப் பதினாறு, எஸ்எஸ்டிக்கு நாலு, மீதி நாலு சிப்செட் என்னும் துணைச் சில்லுக்கு. அந்தப் பதினாறும் முதல் ஸ்லாட்டுக்கே போய்விடுகின்றன. இரண்டாவது ஸ்லாட் தொங்குவது சிப்செட்டில். ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க், பென் டிரைவ் எல்லாம் உரசிக்கொண்டு போகும் அதே நாலு லேன் வழியாகத்தான் அந்தக் கார்டும் ப்ராசஸரைப் பார்க்கப் போக வேண்டும்.

வேகத்திலும் வஞ்சனை உண்டு. முதல் ஸ்லாட் மூன்றாம் தலைமுறை. லேனுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 985 எம்பி, பதினாறுக்கும் சேர்த்து 15.75 ஜிபி. பி450 சிப்செட் தருவதோ இரண்டாம் தலைமுறை. லேனுக்கு 500 எம்பி, நாலுக்கு 2 ஜிபி. கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. அதிக விலைப் போர்டுகள் சில, இரண்டு கார்டு போட்டால் பதினாறை எட்டு எட்டாகப் பிரித்துக் கொடுக்கும். விலையில் வரும் வித்தியாசத்துக்குக் காரணங்களில் இதுவும் ஒன்று. அட்டைப் பெட்டி மேல் இதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், கலர் விளக்கு எரியும் என்பது மட்டும் கொட்டை எழுத்தில்.

எட்டில் ஒரு பங்கு என்றதும் மச்சினன் உடைந்துபோனான். சாப்பாடு இறங்கவில்லை. அத்தை போனை வாங்கி, "என்ன மாப்பிள்ளை, ஏதோ லைன் கெடைக்கலையாமே, பிஎஸ்என்எல்லா?" என்றார்.

நேரில் போனேன். கார்டின் பூர்வீகத்தை முதலில் விசாரித்தேன். மைனிங் செய்பவர்கள் ரைசர் என்றொரு குட்டிப் பலகையில் யுஎஸ்பி கேபிளைச் செருகி, கார்டுக்கு ஒரே ஒரு லேன்தான் கொடுப்பார்கள். கணக்கு முழுக்கக் கார்டின் சொந்த மெமரிக்குள்ளேயே நடக்கும், வெளியே போய்வருவது சொற்பம். ஒற்றை லேனிலேயே உழைத்துப் பழகிய கார்டு அது. நாலு லேன் அதற்குப் பதவி உயர்வு.

பிளெண்டரும் ஏறக்குறைய அப்படித்தான். காட்சியை ஒருமுறை கார்டில் ஏற்றிவிட்டால், பிறகு அது உள்ளேயே உட்கார்ந்து கணக்குப் போடும். அவன் நீச்சல் குளம் நாய் சகிதம் 6 ஜிபி. முதல் ஸ்லாட்டில் ஏற அரை வினாடிகூட வேண்டாம், இரண்டாவதில் 3 வினாடி. ஃப்ரேம் வெந்து இறங்க நாலு நிமிஷம் ஆகும் இடத்தில் இரண்டரை வினாடிக்காக ஒருவன் ராத்திரிச் சாப்பாட்டைத் துறந்திருக்கிறான்.

உண்மையான இடி வேறு இடத்தில் இருந்தது. 8-உம் 8-உம் 16 என்று நம்பி, அடுத்த பிராஜெக்டில் பூங்கா முழுக்க ஆயிரம் மரம் நடத் திட்டமிட்டிருந்தான். இரண்டு கார்டும் ஒரே காட்சியைத் தனித்தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளும். மெமரி 8 ஜிபிதான். அத்தை இதைக் கேட்டு, "ரெண்டு வாங்கினா ஒண்ணுதானா? நல்ல யாவாரம்" என்றபோது எனக்குப் பதில் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டும் என்விலிங்க் பட்டை இந்த மாடலுக்குக் கிடையாது. கேம் ஆடவும் இரட்டைக் கார்டு உதவாது. கேம்களுக்காக இரண்டு கார்டை இணைக்கும் எஸ்எல்ஐ முறைக்குப் புதிய ஏற்பாடுகள் செய்வதை என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

அப்படியானால் லேன் யாருக்குத்தான் வேண்டும்? மச்சினனின் நண்பன் ஒருவன் ஆவடியிலிருந்து வந்திருந்தான். ஏஐ மாடல் ஒன்றைச் சனி ஞாயிறில் பயிற்சி கொடுத்து எடுக்கலாமா என்றான். 30 கோடி எண்கள் கொண்ட சின்ன மாடல்தானாம். அங்கே கதை வேறு. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கார்டும் தாங்கள் கற்றதை ஒன்றுக்கொன்று ஒப்பிக்க வேண்டும். 16 பிட்டில் வைத்தாலும் 600 எம்பி. இந்த ரகக் கார்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்வதும் இல்லை, பொதுவாக ரேம் வழியாகத்தான் சுற்றி வரும். 2 ஜிபி வேகத்தில் ஓர் ஒப்பிப்புக்கு 0.3 வினாடி. பல்லாயிரம் அடிகள். கார்டு படித்த நேரத்தைவிட ஒப்பிக்கக் காத்திருந்த நேரம் அதிகமாகிவிடலாம். அந்த வேலைக்கு அவன் ஒரே கார்டோடு இருப்பது உத்தமம்.

பெரிய இடங்களில், அதாவது டேட்டா சென்டர்களில், இதற்காகவே தனி ஏற்பாடு. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகள் கொடிகட்டிப் பறந்தன. இப்போது அம்பத்தூரில் என்டிடி உட்பட டேட்டா சென்டர்கள் முளைத்திருக்கின்றன. ஏஐ வேலைக்கென்று செய்யும் சர்வர்களில் எச்100 சில்லுகள் எட்டெட்டாகச் சேர்ந்து உட்காரும். அவை தங்களுக்குள் பேசுவது என்விலிங்கில், இருபுறமும் சேர்த்து வினாடிக்கு 900 ஜிபி. அதே சில்லுக்கு ஐந்தாம் தலைமுறைப் பதினாறு லேன் கொடுத்தாலும் 128 ஜிபிதான். அங்கேயே அந்தக் கதி என்றால் மாடியறையில் பி450 என்ன செய்யும், பாவம்.

மச்சினனுக்கு வேறு விதத்தில் தொல்லை வந்தது, அதுவும் சித்திரை மாதத்தில். கார்டுக்கு 175 வாட், இரண்டுக்கு 350. கீழ்க் கார்டு விடும் அனலை மேல் கார்டு மூச்சாக இழுக்கிறது. அது சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. லேனால் போனது ஃப்ரேமுக்கு இரண்டரை வினாடி, உஷ்ணத்தால் போனது அரை நிமிஷம். ஏசி போட்டான். கரன்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டி, கட்டண அட்டவணையே வேறு பத்திக்கு மாறிவிட்டது.

ஆனால் நாலு நாள் பிடித்த வீடியோ இரண்டரை நாளில் முடிந்தது. ருசி கண்டுவிட்டான். போர்டில் பாக்கியிருக்கும் ஒற்றை லேன் குட்டி ஸ்லாட்டில் ரைசர் போட்டு மூன்றாவது கார்டு மாட்டலாமா என்று கேட்டான். கணக்குப் போட்டேன். 6 ஜிபி ஏற 12 வினாடி. நாலு நிமிஷத்தில் 12 வினாடி பெரிய பாதகமில்லை, தாராளமாகப் போடலாம் என்றேன்.

"லேன் இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் அத்தை, "மாடியில ப்ளக் பாயின்ட்டு எங்க இருக்கு?"