போனெட் மாமா பதில்கள்

கே: மாமா, என் மாருதி 800க்கு இரண்டே வருஷத்தில் மூன்றாவது ஹெட் கேஸ்கட். மட்டமான சரக்கை விற்கிறார்களோ? (வாசகர், திண்டுக்கல்)

ப: ஒரே வீட்டிலிருந்து மூன்று மருமகள்கள் அடுத்தடுத்துக் கோபித்துக்கொண்டு போனால், மருமகள்களையா விசாரிப்பீர்கள்? சூடு ஏறியதால் கேஸ்கட் போனது. சூடு ஏன் ஏறியது? ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்க்காமல் மாட்டினால் நாலாவதுக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுத்துவிடலாம்.

கே: ஹெட்டை இறக்கிய மெக்கானிக், "லேத்தில் கொடுத்து ஃபேசிங் போடணும்" என்கிறார். காசு பிடுங்கும் வேலைதானே? (வாசகர், கரூர்)

ப: இந்தத் தடவை இல்லை. பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பதால் விரிய வழியில்லாமல் வளைந்துவிடும். ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேரான ஸ்டீல் பட்டையை நிறுத்தி, இடுக்கில் ஃபீலர் கேஜைச் செருகச் சொல்லுங்கள். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் வரம்பு. "கையால தடவிப் பார்த்துட்டேன், ஓகே சார்" என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

திரும்ப மாட்டும்போதும் பக்கத்திலேயே நில்லுங்கள். போல்ட்டுகளை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போய், இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். புஜபலமெல்லாம் பீமனோடு நிற்கட்டும்.

கே: எங்க அம்பாசிடர் இதற்கெல்லாம் அசராது, தெரியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. அலுமினியம்போல் லேசில் வளையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். அசராது, விரிசல் விடும். அம்பாசிடர் தயாரிப்பு 2014லேயே நின்றாயிற்று. இருக்கிற பிளாக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடலாமாமே?

ப: ஒழுகுகிற ஓட்டையை அடைக்கும். ஒழுகாத குழாயையும் அடைக்கும். சாம்பாரில் போடுங்கள்.

கே: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடே ஏறாது என்கிறார் நண்பர். (வாசகர், மதுரை)

ப: நண்பருக்கு பெட்ரோல் பங்க் இருக்கிறதா? தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் நேரத்துக்குச் சூடாகாது, பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே சுற்றும். சூடு இன்னும் ஏறும். சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். பெரும்பாலும் 82லிருந்து 88 டிகிரிக்குள் வாய் திறக்க ஆரம்பிக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காதது குப்பைக்கு. வீட்டுக்காரம்மா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், பாத்திரம் அவருடையது.

கே: சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது. பைபாஸில் ஏறினால் இறங்கிவிடுகிறது. (வாசகர், சென்னை)

ப: ஃபேன். ஓடும்போது காற்று இலவசம், நின்றால் ஃபேன்தான் கதி. மோட்டார், ரிலே, சுவிட்ச், ஃப்யூஸ் நாலையும் பாருங்கள். இதுவே தலைகீழாக, பைபாஸில் ஏறி சிக்னலில் இறங்கினால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பு. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன், ஃபீஸ் இரட்டிப்பு.

கே: போர் தண்ணீர் இருக்கும்போது கூலண்ட் வீண்செலவுதானே? (வாசகர், தூத்துக்குடி)

ப: உப்பளம் ஊருக்கு வெளியே இருக்கட்டும் ஐயா, ரேடியேட்டருக்குள் வேண்டாம். கூலண்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், இனிக்கும், நஞ்சு. கீழே சிந்தினால் தெருநாய் நக்குமுன் கழுவிவிடுங்கள்.

கே: ஊட்டி ஏறும்போது மட்டும் கொதிக்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

ப: 2,200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். என்ஜினைக் காப்பது ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங். 0.9 பார் அழுத்தத்தை அது பிடித்து நிறுத்தினால், சமவெளியில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை தாங்கும். ரப்பர் செத்த மூடி எதைப் பிடிக்கும்? மாற்றுங்கள், என்ஜின் ஆறிய பிறகு. ஆறுமுன் திறந்தவர்களை முகத்தைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம்.

கே: முள் சிவப்புக்குப் போய், சட்டென்று தானாக இறங்கிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

ப: தண்ணீர் தீர்ந்தது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

கே: டிப்ஸ்டிக்கில் மோர் மாதிரி ஒட்டுகிறதே? (வாசகி, சேலம்)

ப: ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது அம்மா. ஸ்டார்ட் பண்ணாதீர்கள், பேரிங் போய்விடும். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கே: வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டுகிறேன். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இந்த விதியா?

ப: பெர்த்தா பென்ஸ் அம்மையார் 1888லேயே செய்தாரே! கணவர் கார்ல் பென்ஸிடம் மூச்சுவிடாமல், இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். தண்ணீரை ஆவியாக்கியே குளிர்கிற வண்டி அது. போகிற வழியெல்லாம் ஊற்றியாக வேண்டும். உங்களுடையதும் அதே மாடல் என்றால் கவலையில்லை.

கே: கேஸ்கட்டை மாற்ற வேண்டாம், டப்பாவில் விற்கும் சீலரை ரேடியேட்டரில் ஊற்றினால் போதும், விற்கிறவரை ஓடும் என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

ப: ஓடலாம். யாருக்கு விற்கப்போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த இதழில் அவர் கேள்விக்கு இடம் ஒதுக்க வேண்டும்.